கணவர் விவாகரத்தும் போட்டு, குழந்தையையும் கேட்கிறார்: குடும்ப வன்முறை மனுவை எங்கே, எப்படிப் போடுவது?

கொன்றைப்பூ:

வணக்கம். சித்தப்பா மகளுக்காகக் கேட்கிறேன். 2018-இல் இந்து முறைப்படி திருமணம். ஈரோட்டில் மாமனார் பெயரில் இருக்கும் வீட்டில் வாழ்ந்தார்கள். அடி, அறையில் வைத்துப் பூட்டுவது, சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது என்று தொடர்ந்து நடந்திருக்கிறது. ஐந்து மாதம் முன்பு 4 வயது மகளோடு சேலத்தில் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். 35 பவுன் நகை மாமியாரின் லாக்கரில் இருக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை.

இப்போது கணவர் முந்திக்கொண்டு ஈரோடு குடும்ப நல நீதிமன்றத்தில், இவள்தான் கொடுமை செய்தாள் என்று விவாகரத்து மனுவும், குழந்தையைக் கேட்டு ஜி.டபிள்யூ.ஓ.பி.யும் (காப்பாளர் சட்ட மனு) போட்டிருக்கிறார். இரண்டுக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. "டி.வி. (குடும்ப வன்முறைச் சட்ட) மனு போட்டால் சமரசம் கெட்டுவிடும், இப்போதைக்கு வேண்டாம்" என்கிறார் பார்த்த வக்கீல். சரியா? சேலத்தில் போட முடியுமா? வீடு மாமனாருடையது என்பதால் உரிமை இல்லாமல் போகுமா? குழந்தை விஷயத்தில் இது உதவுமா?

கோர்ட் வராண்டா:

முதல் வேலை டி.வி. மனு இல்லை. நோட்டீஸில் போட்டிருக்கும் வாய்தா தேதிக்கு முன் ஈரோட்டில் இரண்டு வழக்குக்கும் வக்காலத்து போடுங்கள். அதை விட்டுவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது இவள் இல்லாமலே தீர்ப்பு வரும். எக்ஸ்பார்ட்டி டிகிரியை (தீர்ப்பாணையை) ரத்துசெய்யக் கேட்க 30 நாள்தான். விவாகரத்து டிகிரி ஒருமுறை உறுதியாகிவிட்டால் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் கேட்கும் நிலையே பலவீனப்பட்டுவிடும். எதிர்வாதத்துக்கு அவகாசம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆஜராகாமல் மட்டும் இருக்கக் கூடாது.

அடுத்து டி.வி. 2005-ஆம் ஆண்டுச் சட்டம், 26.10.2006 முதல் அமலில் இருக்கிறது. பிரிவு 27-இன்படி பாதிக்கப்பட்டவர் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம். ஆகவே சேலம் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் அல்லது கூடுதல் மகளிர் நீதிமன்றம் போதும். சேலம் முகவரிக்கு ஒரு ஆதாரம் இணையுங்கள்: தாயின் ரேஷன் கார்டு, குழந்தையைச் சேர்த்த பள்ளியின் ரசீது, ஏதாவது ஒன்று.

பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருப்பார். அவரிடம் போனால் படிவம் 1-இல் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார், கட்டணம் கிடையாது. அந்த அறிக்கை இருந்தால்தான் மனு எடுப்பார்கள் என்று பல இடங்களில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. பிரபா தியாகி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், அறிக்கை இல்லாமலேயே உத்தரவு போடலாம் என்று தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். அறிக்கையில் ஒரு தேதி, மனுவில் வேறு தேதி என்று வந்தால் குறுக்கு விசாரணையில் அரை நாள் அதிலேயே போகும்.

மனு தோற்கும் இடம் பெரும்பாலும் சட்டம் அல்ல, எழுத்து. "தினமும் துன்புறுத்தினார்" என்று எழுதுவதால் பயன் இல்லை. ஐந்தாறு சம்பவம் போதும். ஒவ்வொன்றுக்கும் தேதி (நினைவில்லாவிட்டால் "2023 தீபாவளிக்கு மறுநாள்" போல), எந்த அறை, என்ன செய்தார், யார் பார்த்தார், அதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்று தனித்தனிப் பத்தியாக எழுத வேண்டும். கார்டைப் பிடுங்கியது பொருளாதார வன்முறை, பிரிவு 3-இல் நேரடியாக வருகிறது. அதை அடித்த சம்பவங்களோடு சேர்த்துக் கலக்காமல் தனியாகச் சொல்லுங்கள், வங்கி ஸ்டேட்மென்ட்டே அதற்குச் சாட்சி.

இன்னொன்று. இடைக்கால உத்தரவு தானாக வராது. பிரிவு 23-இன்கீழ் தனி மனுவும் படிவம் 3-இல் பிரமாணப் பத்திரமும் வேண்டும். முதல் வாய்தா பொதுவாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. 60 நாளில் முடியும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அதனால்தான் இடைக்கால மனு முக்கியம்.

பனைமரத்துக்குயில்:

வராண்டா சொன்னதற்குத் துணையாக: எதிர்மனுதாரர் பட்டியலைச் சுருக்குங்கள். திருமணமாகி வேறு ஊரில் இருக்கும் நாத்தனார், சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் என்று எட்டுப் பேரைச் சேர்த்தால் எட்டுப் பேருக்கும் நோட்டீஸ் சேர வேண்டும். ஒருவர் கவர் "விலாசதாரர் இல்லை" என்று திரும்பினாலே ஒரு வாய்தா போச்சு. போதாததற்கு, தொடர்பில்லாதவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் மனுவை ரத்துசெய்யக் கேட்பார், அங்கே கிடைக்கும் தடையில் மொத்த வழக்கும் உறையும். இந்த வழக்குக்குக் கணவர், மாமனார், மாமியார் மூவர் போதும். மாமனார் வீட்டுக்காக, மாமியார் லாக்கருக்காக. பெண்களை எதிர்மனுதாரராகச் சேர்க்க முடியாது என்ற பழைய வாதம் 2016-இல் ஹிரல் ஹர்சோரா தீர்ப்போடு முடிந்துபோனது.

லாக்கர் பற்றி: நகையைத் திருப்பித் தரக் கேட்பது பிரிவு 19(8). அதற்கு முன் லாக்கரைத் திறக்கக் கூடாது என்று பிரிவு 18-இல் தடை கேட்க வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாளே லாக்கர் காலியாகும் என்பதால் இந்த ஒன்றை மட்டுமாவது நோட்டீஸுக்கு முன்பே, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தரும் உத்தரவாகக் கேளுங்கள். வங்கிக் கிளை பெயரும் லாக்கர் யார் பெயரில் என்பதும் மனுவில் இருக்கட்டும். உத்தரவு நகலை அதே நாளில் கிளை மேலாளரிடம் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள்.

நகைப் பட்டியலை "35 பவுன்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஆரம், நெக்லஸ், வளையல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை கிராம், யார் போட்டது என்று பிரிக்க வேண்டும். கடை பில், கல்யாண ஆல்பம், நகைக்கடன் வைத்திருந்தால் அடகுச் சீட்டு. அடகுச் சீட்டில் எடை அச்சாகி இருக்கும், பில் தொலைந்தவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும்.

கொன்றைப்பூ:

நன்றி. டி.வி. என்பது கிரிமினல் கேஸா? கணவர் அரசு ஊழியர். வேலை போய்விடும், அப்புறம் ஜீவனாம்சமும் வராது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

கோர்ட் வராண்டா:

மாஜிஸ்திரேட் முன் நடப்பதால் அப்படித் தோன்றுகிறது. கேட்பது எல்லாம் சிவில் பரிகாரம்: பாதுகாப்பு, வசிப்பிடம், பணம், தற்காலிகமாகக் குழந்தை, நஷ்டஈடு. இந்த மனுவில் அவர் குற்றவாளி அல்ல, எதிர்மனுதாரர். கைது இல்லை. பாதுகாப்பு உத்தரவை, அது இடைக்காலமானாலும், மீறினால் மட்டுமே பிரிவு 31-இன்கீழ் குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகை.

அரசு ஊழியர் என்பது உண்மையில் சௌகரியம். பிரிவு 20(6)-இல் சம்பளம் கொடுக்கும் அலுவலரே நேரடியாகப் பிடித்துக் கட்டும்படி உத்தரவு கேட்கலாம். சொந்தத் தொழில் செய்கிறவரிடம் வசூல் செய்வதுதான் பெரும்பாடு.

சி.எஸ்.ஆர். வேறு பாதை. எஃப்.ஐ.ஆர். வேண்டுமென்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 85, அதாவது கணவர் வீட்டார் கொடுமைக்கான பழைய 498ஏ. 2019-இல் ரூபாலி தேவி தீர்ப்புக்குப் பிறகு தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம். போலீஸ் பதிவு செய்யாவிட்டால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட். ஆனால் புகாரில் ஆதாரமில்லாத ஆட்களையும் சம்பவங்களையும் சேர்த்தால், பொய்ப் புகார் என்று நிரூபிக்கப்படும்போது அதுவே கணவருக்கு விவாகரத்துக் காரணமாகும். 2014-இல் கே. ஸ்ரீனிவாஸ் வழக்கில் அப்படித்தான் ஆனது. டி.வி. மனுவுக்கு எஃப்.ஐ.ஆர். முன்நிபந்தனை இல்லவே இல்லை.

எதிர்வெயில்:

ஒரு மாற்றுக் கருத்து. பிரிவு 26 இருக்கிறதே. டி.வி. சட்டத்தில் உள்ள பரிகாரங்களைக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே கேட்கலாம். ஈரோட்டில் எப்படியும் இரண்டு வழக்குக்கு அலைய வேண்டும். எல்லாவற்றையும் அங்கேயே போட்டால் ஒரே நீதிபதி, ஒரே சாட்சியம். சேலத்தில் தனி மனு என்றால் இரண்டு ஊர், இரண்டு வக்கீல், இரண்டு குறுக்கு விசாரணை. இரண்டு இடத்தில் சொன்னதில் ஒரு வார்த்தை மாறினாலும் எதிர் வக்கீல் விடமாட்டார்.

கோர்ட் வராண்டா:

பிரிவு 26 நல்ல வழிதான், அடி நின்றுபோய்ப் பணமும் சொத்தும் மட்டுமே பாக்கி என்றால். இங்கே இரண்டு காரணத்துக்காகச் சேலம் என்கிறேன். ஒன்று, ஈரோட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடித்தவர் நிற்கும் வராண்டாவுக்குப் போக வேண்டும். இரண்டு, பாதுகாப்பு உத்தரவின் நகல் உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், சேலம் மாஜிஸ்திரேட் உத்தரவு சேலம் நிலையத்தில் சீக்கிரம் வேலை செய்யும்.

ஈரோட்டு வழக்குகளையும் சேலத்துக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் டிரான்ஸ்ஃபர் மனு போடலாம், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 24. பாதுகாப்பு உத்தரவு கையில் இருந்தால் அந்த மனுவுக்கும் பலம். ஆனால் இவளும் தனியாகச் சேலத்தில் விவாகரத்து மனு போட்டால் வேறு சிக்கல்: இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 21ஏ-படி பின்னால் போட்டது முன்னால் போட்ட நீதிமன்றத்துக்கு, அதாவது ஈரோட்டுக்கே போகும். விவாகரத்தோ பிரிந்து வாழும் உத்தரவோ வேண்டுமென்றால் அவர் மனுவிலேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம், பிரிவு 23ஏ.

விவாகரத்தே வேண்டாம் என்றாலும் வன்முறையைப் பதில் மனுவில் முழுக்க எழுத வேண்டும். இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 23(1)(ஏ)-படி தன் தவறின் பலனைத் தானே அனுபவிக்கப் பார்க்கிறவருக்கு டிகிரி கிடையாது. நாளைக்கு "விட்டுவிட்டுப் போனாள்" என்று அவர் சேர்த்தாலும், நியாயமான காரணத்தோடு வெளியேறியது கைவிடுதல் ஆகாது. அந்தக் காரணம் இப்போதே பதிவில் இருக்க வேண்டும். டி.வி. மனுவில் அடி இருந்து, விவாகரத்துப் பதில் மனுவில் "கருத்து வேறுபாடு" என்று வக்கீல் எழுதிவைத்தால் இரண்டும் சேர்ந்து சாயும். எதிர்வெயில் சொன்ன முரண்பாட்டு ஆபத்து உண்மை. ஒரே சம்பவப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

தாழ்வாரம்:

வீட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "மாமனார் வீடு, உனக்குப் பங்கு இல்லை" என்பது உச்ச நீதிமன்றத்தின் பழைய பத்ரா தீர்ப்பு இருந்த காலம். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும், இருவரும் ஓரளவு நிலையாகக் குடும்பம் நடத்திய வீடு என்றால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான். இது வசிக்கும் உரிமை மட்டும், சொத்தில் பங்கு அல்ல. அதே தீர்ப்பு வயதான மாமனார் மாமியாரின் நிம்மதியையும் பார்க்கச் சொல்கிறது. அந்த இடத்தில்தான் டி.வி. சட்டம் பிரிவு 19(1)(எஃப்): அதே தரத்தில் வேறு வீடு, அல்லது வாடகை. அவள் அங்கே திரும்பிப் போக விரும்பவில்லை என்றால் முதன்மையாக இதைக் கேளுங்கள். சேலத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு என்ன வாடகை என்பதற்கு ஓரிரண்டு வாடகை ஒப்பந்த நகல் இணைத்தால் தொகையை யூகித்துப் போட மாட்டார்கள்.

இதற்கு எதிர் வேலையாகச் சிலர் மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் மனு போட்டு மருமகளை வெளியேற்றப் பார்ப்பார்கள். 2020 டிசம்பரில் எஸ். வனிதா வழக்கு அதற்குப் பதில்: அந்தச் சட்டத்தைக் காட்டி டி.வி. சட்ட உரிமையை அப்படியே அழித்துவிட முடியாது.

கணவர் பெயரில் மனையோ வீடோ இருந்தால் இன்றைக்கே வில்லங்கச் சான்று எடுத்து வையுங்கள். வழக்கு வரும் வாடை அடித்ததும் அம்மா பேருக்கு செட்டில்மெண்ட் எழுதுவது நம் ஊரில் சாதாரணம். விற்கவோ எழுதிவைக்கவோ தடை கேட்கும்போது சர்வே எண்ணோடு சொத்து விவரம் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பனைமரத்துக்குயில்:

பணத்துக்கு வருகிறேன். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. "சமரசம் பேசிப் பார்ப்போம்" என்று ஆறு மாதம் தள்ளினால் ஆறு மாதப் பணம் போனதுதான். அந்த வக்கீல் சொன்னதற்கு இதுவே பதில். சமரசம் பேசுவதை இந்த மனு தடுக்காது.

அவள் சம்பளத்தை மறைக்கக் கூடாது. சம்பாதிக்கிறாள் என்பதால் மட்டும் உரிமை போகாது, ஆனால் மறைத்தது வெளியே வந்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 144-இல் தனி ஜீவனாம்ச மனுவும் போடலாம். போட்டால் ஒன்றில் கிடைத்ததை இன்னொன்றில் சொல்ல வேண்டும், கழித்துத்தான் தருவார்கள். பிரிவு 144 பாக்கிக்கு, ஒவ்வொரு மாதத் தொகையும் கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். மூன்று வருடம் சேர்த்துவைத்துப் போடுகிறவர்கள் முதல் இரண்டு வருடத்துக்கு வாரண்ட் வாங்க முடியாமல் நிற்கிறார்கள்.

மழைநாள்:

குழந்தைக்கு. காப்பாளர் சட்டம் 1890-இல் வந்தது, அதில் குடும்ப வன்முறை என்ற சொல்லே இல்லை. அடிக்கிறவருக்குக் குழந்தை கிடையாது என்று நம் சட்டத்தில் நேரடி விதி எதுவும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு வேலை செய்ய வேண்டும். மனைவியை அடித்தார் என்று மட்டும் நிரூபித்தால், "மனைவிக்குத்தான் கெட்டவர், பிள்ளைக்கு நல்ல அப்பா" என்ற வாதம் எடுபடும். எத்தனையோ வழக்கில் எடுபட்டிருக்கிறது. ஆகவே மனுவில் குழந்தைக்குத் தனிப் பகுதி வேண்டும். எந்தச் சம்பவத்தின்போது குழந்தை அறையில் இருந்தது, பிறகு தூக்கம், படுக்கை நனைப்பது, பேச்சு எப்படி மாறியது, டாக்டர் பார்த்தாரா, பள்ளி ஆசிரியர் ஏதாவது குறிப்பு எழுதினாரா. காப்பாளராக வர விரும்புகிறவரின் குணமும் தகுதியும் பார்க்கப்படும் என்று பிரிவு 17 சொல்கிறது. வன்முறை அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும்.

கையில் இருக்கும் பலம்: 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம், இந்து இளவர் சட்டம் பிரிவு 6. இன்னும் ஒரு வருடத்துக்குள் அந்த வயது தாண்டும், அதனால் தாமதம் எதிர்த்தரப்புக்கு லாபம். ஜி.டபிள்யூ.ஓ.பி. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் போட வேண்டும். ஐந்து மாதம் சேலம் என்பதால் அதிகார வரம்பை எதிர்க்கலாம், ஆனால் ஐந்து மாதம் குறைவு என்று அவர்கள் சொல்வார்கள். முதல் பதில் மனுவிலேயே எழுப்புங்கள்.

டி.வி. சட்டம் பிரிவு 21-இல் தற்காலிகப் பொறுப்பு கேட்கலாம். தந்தை பார்ப்பது குழந்தைக்குக் கேடு என்று மாஜிஸ்திரேட் கருதினால் அனுமதி மறுக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. குடும்ப நல நீதிமன்றத்தின் இறுதி முடிவை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் குழந்தை யாரிடம், எங்கே நிலைத்திருக்கிறது என்பதை இந்த உத்தரவு பதிவாக்கும்.

பார்க்கவே விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், நிஜமான ஆபத்து இருந்தால் தவிர. தாய் பிள்ளையின் மனதைக் கெடுக்கிறாள் என்ற வாதத்துக்கு நீங்களே தீனி போட்டதாகிவிடும். நிபந்தனை கேளுங்கள்: நீதிமன்ற வளாகத்திலேயே, மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், கொண்டுவந்து விடுவது தாத்தா, இரவு தங்கல் இல்லை, பெற்றோருக்கு இடையிலான பேச்சு எல்லாம் எழுத்தில். குழந்தையை ஒப்படைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பழைய சண்டை திரும்புகிறது. பாதுகாப்பு உத்தரவில் "எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக் கூடாது" என்று இருந்து, சந்திப்பு உத்தரவில் வழிமுறை இல்லாமல் போனால் இரண்டும் முட்டும். சந்திப்புக்கான விதிவிலக்கைப் பாதுகாப்பு உத்தரவிலேயே எழுதிக் கேளுங்கள்.

கொன்றைப்பூ:

மிக்க நன்றி. ஆதாரம் என்று பார்த்தால் ஒரு முறை அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள், சில வாட்ஸ்அப் செய்தி, அவர் கத்தும் ஒரு ஆடியோ. போதுமா?

தாழ்வாரம்:

அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி வாங்குங்கள், விபத்துப் பதிவேட்டு நகல். அதில் "தெரிந்த ஒருவரால்" என்று இருக்கிறதா, "வழுக்கி விழுந்தேன்" என்று இருக்கிறதா பாருங்கள். கணவர் பக்கத்தில் நின்றதால் பலர் இரண்டாவதைச் சொல்லியிருப்பார்கள். அப்படி இருந்தால் மறைக்காமல், ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

ஆடியோ இருக்கும் ஃபோனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்த பிரதி மூலம் ஆகாது. பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய ஆதாரச் சட்டம்) பிரிவு 63-இன் சான்றிதழ் வேண்டும்: ஏ பகுதி அவள் தருவது, பி பகுதி நிபுணர் தருவது, ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்). தெரியாமல் பதிவு செய்தது செல்லாது என்று சொல்வார்கள். 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில், கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கில் அப்படிப்பட்ட பதிவை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு, ஆதாரச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்று பார்க்காமலே ஆவணத்தை எடுத்துக்கொள்ளவும் அதிகாரம் உண்டு, 1984 சட்டம் பிரிவு 14. ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரியட்டும், பெயர் மட்டும் தெரிந்தால் போதாது.

வக்கீல் கட்டணம் பிரச்சினை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தேசிய எண் 15100, அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

பனைமரத்துக்குயில்:

கடைசியாக, சமரசம் வந்தால்: பரஸ்பர விவாகரத்தில் டி.வி. மனுவை வாபஸ் வாங்குவது எப்போது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதல் மனு போட்ட அன்றே வாபஸ் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். இறுதி ஒப்புதலுக்கான இரண்டாம் வாய்தாவில் அவர் மனம் மாறினால் கையில் பாதுகாப்பு உத்தரவும் இருக்காது, பணமும் இருக்காது. நகை எடைபோட்டு வாங்கி, டிமாண்ட் டிராஃப்ட் கைக்கு வந்து, டிகிரி போடும் அன்று வாபஸ். குழந்தைக்கான தொகையை மொத்தத்தில் கரைக்காமல் தனியாக, எந்த வயது வரை, பள்ளிக் கட்டணம் யார் என்று எழுத வேண்டும்.